அடுக்கில் இருக்கும் எண்ணைக் கீழே இறக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: "8^(ப+1) = 4^(2ப−1) போன்ற கணக்குகள் எனக்கு எளிதாக வருகின்றன. 3^ப = 20 என்றால் லாக் எடுத்து விடை கொண்டுவந்துவிடுகிறேன், ஆனால் ஏன் அப்படிச் செய்கிறோம் என்று புரியவில்லை. 4^ப + 6^ப = 9^ப என்ற கணக்கில் லாக் எடுத்தால் ப = 0 என்று வருகிறது. திரும்பப் போட்டுப் பார்த்தால் சரியாக வரவில்லை. எங்கே தவறு?"

குறியீட்டைச் சொல்லிவிடுகிறேன். கேள்வியில் இருப்பதுபோலவே தெரியாத எண்ணை ப என்று எழுதுகிறேன். ^ குறிக்கு வலப்பக்கம் இருப்பது அடுக்கு, இடப்பக்கம் இருப்பது அடிமானம். லாக் என்று மட்டும் எழுதினால் 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை.

நீங்கள் விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்களே, அதற்கே முதலில் பாராட்டு. ப = 0 என்றால் இடப்பக்கம் 1 + 1, வலப்பக்கம் 1. பொருந்தவில்லை. உங்கள் நோட்டில் அநேகமாக இந்த வரி இருந்திருக்கும்:

ப·லாக்(4) + ப·லாக்(6) = ப·லாக்(9)

எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து ப-ஐ வெளியே எடுத்திருப்பீர்கள். அடைப்புக்குள் மிஞ்சுவது சுழி இல்லை, ஆகவே ப = 0. இந்த வரிக்குக் கீழே நீங்கள் செய்ததெல்லாம் சரி. தவறு இந்த வரியிலேயே இருக்கிறது. லாக்(4^ப + 6^ப) என்பதை லாக்(4^ப) + லாக்(6^ப) என்று பிரித்துவிட்டீர்கள். லாக் பெருக்கலைத்தான் கூட்டலாக மாற்றும். கூட்டலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சந்தேகம் வந்தால் எண்களை வைத்தே பாருங்கள். லாக்(10 + 10) என்பது லாக்(20), அதாவது 1.3010. ஆனால் லாக்(10) + லாக்(10) = 2. அது 100-இன் லாக், அதாவது 10 × 10-இன் லாக்.

விடைத்தாள்களில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். நன்றாகப் படிக்கிறவர்களும் செய்கிறார்கள். லாக் என்றால் அடுக்கைக் கீழே இறக்கும் ஒரு கருவி என்று கை பழகிவிடுகிறது, அது எதனால் இறக்குகிறது என்பது மனதில் நிற்பதில்லை. நீங்கள் கேட்ட "ஏன்" என்பதற்கு விடை தெரிந்துவிட்டால் இந்தத் தவறு தானாகவே போய்விடும். அதனால் முதல் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

8^(ப+1) = 4^(2ப−1). 8 என்பது 2^3, 4 என்பது 2^2. ஆக,

2^(3ப+3) = 2^(4ப−2)

அடிமானம் இரண்டு பக்கமும் 2. எனவே 3ப + 3 = 4ப − 2, அதாவது ப = 5. சரிபார்த்தால் 8^6-உம் 262144, 4^9-உம் 262144.

இதில் "எனவே" என்று ஒரு சொல்லைப் போட்டுக் கடந்துவிட்டோம். அடிமானம் சமமானால் அடுக்கும் சமமாக வேண்டும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? 2^ப என்பதில் ப கூடக்கூட மதிப்பும் கூடிக்கொண்டே போகும். ஓரிடத்திலும் நிற்காது, ஓரிடத்திலும் திரும்பிக் கீழே வராது. ஒரு மதிப்பை ஒரு முறை தாண்டிவிட்டால் மறுபடி அதைத் தொடாது. ஆகவே இரண்டு அடுக்குகள் ஒரே மதிப்பைத் தந்தால் அவை ஒரே அடுக்காகத்தான் இருக்க முடியும். அடிமானம் 1-ஐவிடச் சிறிய மிகை எண்ணாக, உதாரணமாக 1/2 ஆக, இருந்தால் மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். அங்கேயும் திரும்பி வருவது கிடையாது, ஆகவே இதே நியாயம் செல்லும்.

எங்கே செல்லாது? அடிமானம் 1 என்றால் எந்த அடுக்குக்கும் விடை 1 தான். அதை வைத்து அடுக்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. −1 என்றால் (−1)^2-உம் 1, (−1)^4-உம் 1, ஆனால் 2-உம் 4-உம் சமமில்லை. அடுக்குச் சமன்பாட்டில் அடிமானம் மிகை எண்ணாக இருக்க வேண்டும், 1 ஆக இருக்கக் கூடாது என்று புத்தகங்கள் நிபந்தனை போடுவது இதனால்தான். அந்த ஒரு வரியைப் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். கடைசியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, அப்போது திரும்பி வருகிறேன்.

இப்போது 3^ப = 20. இங்கே 20-ஐ 3-இன் அடுக்காக எழுதத் தெரியவில்லை. 3^2 = 9, 3^3 = 27. ஆகவே ப என்பது 2-க்கும் 3-க்கும் நடுவில். கால்குலேட்டரைத் தொடும் முன்பே இவ்வளவு தெரிந்துவிடுகிறது. கொஞ்சம் நெருங்கியும் பார்க்கலாம். 3^2.5 என்பது 9 × √3, அதாவது ஏறக்குறைய 15.59. அதை 3-இன் நான்காம் மூலமான 1.316-ஆல் பெருக்கினால் 3^2.75 கிடைக்கும், அது சுமார் 20.5. ஆக விடை 2.75-க்குச் சற்றுக் கீழே. வெறும் வர்க்கமூலத்தை வைத்தே இங்கே வந்து நிற்கிறோம்.

இனி லாக். லாக்(3) = 0.4771 என்றால் என்ன பொருள்? 3 = 10^0.4771 என்பதுதான் பொருள். லாக்(20) = 1.3010 என்றால் 20 = 10^1.3010. இவற்றை அப்படியே கணக்கில் வையுங்கள்:

(10^0.4771)^ப = 10^1.3010

இரண்டு பக்கமும் அடிமானம் 10 ஆகிவிட்டது. அடுக்குகளைச் சமப்படுத்தினால் 0.4771 × ப = 1.3010, ஆகவே ப = 1.3010 / 0.4771, ஏறக்குறைய 2.727. முதல் கணக்கில் 8-ஐயும் 4-ஐயும் 2-இன் அடுக்காக மாற்றினீர்களே, அதே வேலைதான். அங்கே பொது அடிமானம் 2 என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே தெரியவில்லை, அதனால் எந்த மிகை எண்ணையும் 10-இன் அடுக்காக எழுதிக்கொடுக்கும் ஒன்றின் உதவியை நாடினோம். அதற்குப் பெயர் லாக். "லாக் எடுத்தால் அடுக்கு கீழே இறங்கும்" என்ற விதிக்குப் பின்னால் இதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அப்படிப் பார்த்தால், 10-தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்பது புரியும். 2.71828… என்று போகும் ஈ என்ற எண்ணை அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கையை எடுத்தால் 20-க்கு 2.9957, 3-க்கு 1.0986. வகுத்தால் அதே 2.727. மேலேயும் கீழேயும் ஒரே வகை லாக் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த 2.727-ஐ முடியும் தசமமாகவோ பின்னமாகவோ துல்லியமாக எழுத முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. அதற்கான காரணம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ப என்பது மேலும் கீழும் இயல் எண்கள் உள்ள ஒரு பின்னம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கத்தையும் கீழெண்ணால் அடுக்கேற்றினால், 3-ஐ மட்டும் சில முறை பெருக்கி வந்த எண்ணும் 20-ஐ மட்டும் சில முறை பெருக்கி வந்த எண்ணும் சமம் என்றாகும். முன்னது எப்போதும் ஒற்றைப்படை, பின்னது எப்போதும் இரட்டைப்படை. இரண்டும் சமமாக வழியே இல்லை. ஆகவே ப ஒரு விகிதமுறா எண். துல்லியமான விடை வேண்டுமென்றால் லாக்(20)/லாக்(3) என்று அப்படியே விட்டுவிடுவதுதான் முறை.

கால்குலேட்டரில் தட்டும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பல கால்குலேட்டர்களில் லாக் பொத்தானை அழுத்தியதும் ஓர் அடைப்புக்குறி தானாகத் திறந்துகொள்ளும். 20 போட்டதும் அதை மூடாமல் வகுத்தல் குறியைத் தட்டினால், லாக்(20 ÷ லாக்(3)) என்று எடுத்துக்கொண்டு 1.622 என்று காட்டும். சிலர் லாக்(20)/லாக்(3) என்பதை லாக்(20/3) என்று சுருக்கிவிடுவார்கள், அது 0.824. விடை 2-க்கும் 3-க்கும் நடுவில் என்று முதலிலேயே பார்த்து வைத்திருந்தால் இந்த இரண்டு விடைகளும் தவறு என்பது பார்த்த கணமே தெரிந்துவிடும்.

கால்குலேட்டர் வருவதற்கு முன்னால் இதற்கு அட்டவணைதான். 20 என்ற வரிசையில் 0 என்ற நிரலின் கீழ் 3010 என்று மட்டும் இருக்கும். அது தசமப் பகுதி. முன்னால் 1 போடுவது நம் வேலை, ஏனென்றால் 20 என்பது 10-க்கும் 100-க்கும் இடையில் இருக்கிறது. இந்த அட்டவணைகளின் பின்னணியும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 1544-இல் மிகாயேல் ஸ்டீஃபெல் என்ற ஜெர்மானியர் 0, 1, 2, 3 என்று ஒரு வரிசையும் அதன்கீழ் 1, 2, 4, 8 என்று இன்னொரு வரிசையும் எழுதி, மேலே கூட்டுவது கீழே பெருக்குவதற்கு ஈடாகிறது என்று காட்டினார். 1614-இல் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் முதல் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். மறு ஆண்டு ஹென்றி பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் அவரை நேரில் போய்ப் பார்த்தார். 10-ஐ அடிப்படையாகக் கொள்வது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். 1624-இல் பிரிக்ஸ் 14 தசம இடங்கள் வரை கணக்கிட்டு அட்டவணை வெளியிட்டார், அத்தனையும் கையால். இதில் எனக்கு வியப்பாக இருப்பது என்னவென்றால், நேப்பியர் லாக்கை அடுக்காகப் பார்க்கவே இல்லை. நகரும் இரண்டு புள்ளிகளின் வேகத்தை ஒப்பிட்டுத்தான் அதை வரையறுத்தார். லாக் என்பது அடுக்குதான் என்று இன்று நாம் சொல்லும் வடிவம் 1748-இல் ஆய்லர் என்ற சுவிஸ் கணிதவியலாளர் எழுதிய நூலில்தான் தெளிவாக நிலைபெற்றது. ஆக "ஏன் லாக்" என்ற உங்கள் குழப்பம், வரலாறே தெளிவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட குழப்பம்.

சரி, ப இரண்டு பக்கமும் இருந்து அடிமானங்களும் வேறாக இருந்தால்? 5·2^ப = 3^(ப+2) என்பதை எடுத்துக்கொள்வோம். 3^(ப+2) என்பது 9·3^ப. ப இருப்பவற்றை ஒரு பக்கமும் மற்றதை இன்னொரு பக்கமும் ஒதுக்கினால்,

(2/3)^ப = 9/5

பழைய வடிவமே திரும்ப வந்துவிட்டது. ப = லாக்(1.8)/லாக்(2/3), ஏறக்குறைய −1.45. குறை எண் வந்ததைப் பார்த்து மிரள வேண்டாம். 2/3 என்பது 1-ஐவிடச் சிறியது, மிகை அடுக்கு போட்டால் இன்னும் சிறிதாகத்தான் ஆகும். 1.8 வரை ஏற வேண்டும் என்றால் அடுக்கு குறையாகத்தான் இருந்தாக வேண்டும். −1.45 போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 1.8301, வலப்பக்கம் 1.8299. பலர் எடுத்த எடுப்பிலேயே இரண்டு பக்கமும் லாக் எடுத்துவிடுவார்கள். அதுவும் சரியான வழிதான், ஆனால் குறிகளைத் தூக்கி வைப்பதில் தவறு வர வாய்ப்பு அதிகம். முதலில் ஒதுக்கிவிட்டு அப்புறம் லாக் எடுப்பதைத்தான் நான் சொல்லிக்கொடுப்பேன்.

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் ஒவ்வொரு பக்கமும் ஒற்றை உறுப்பு. பெருக்கல் இருந்தது, வகுத்தல் இருந்தது, கூட்டல் மட்டும் இல்லை. லாக் எடுக்கலாமா என்று முடிவு செய்யும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான். பக்கத்துக்கு ஓர் உறுப்பு இருந்தால் தாராளமாக எடுங்கள். கூட்டலோ கழித்தலோ இருந்தால் முதலில் அதை ஒற்றை உறுப்பாக்க வழி தேடுங்கள். மீதிக் கதை முழுவதும் அந்தத் தேடல்தான்.

மிக எளிதானது 2^(ப+2) + 2^ப = 40. முதல் உறுப்பு 4·2^ப. நான்கும் ஒன்றும் சேர்ந்து 5·2^ப = 40, ஆகவே 2^ப = 8, ப = 3. பொதுக் காரணியை வெளியே எடுத்ததோடு வேலை முடிந்தது.

அடுத்தது 4^ப − 6·2^ப + 8 = 0. இங்கே பொதுக் காரணி உதவாது. ஆனால் 4^ப என்பது (2^ப)-இன் வர்க்கம். 2^ப-ஐ த என்று வைத்தால்,

த^2 − 6த + 8 = 0

நன்றாகப் பழகிய இருபடிச் சமன்பாடு. த = 2 அல்லது 4. இங்கே நிறுத்திவிட்டு விடை 2, 4 என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. த-ஐ நாம்தான் கொண்டுவந்தோம், கேட்டது ப-ஐ. 2^ப = 2 என்றால் ப = 1, 2^ப = 4 என்றால் ப = 2.

இதையே 9^ப − 8·3^ப − 9 = 0 என்று மாற்றிப் பாருங்கள். த என்பது 3^ப என்றால் த^2 − 8த − 9 = 0, அதாவது த = 9 அல்லது −1. முதலாவது ப = 2 என்று தருகிறது. இரண்டாவதை என்ன செய்வது? 3-க்கு மெய் எண் எதை அடுக்காகப் போட்டாலும் குறை எண் வராது. −5 போட்டாலும் 1/243 தான், மிகச் சிறியது, ஆனாலும் மிகை. சுழிகூட வராது. ஆகவே −1-ஐ விட்டுவிட வேண்டும். விடும்போது "3^ப எப்போதும் மிகை, ஆகவே இது பொருந்தாது" என்று ஒரு வரி எழுதுங்கள். சும்மா அடித்துவிட்டுப் போனால், தெரிந்து விட்டீர்களா மறந்து விட்டீர்களா என்பது படிப்பவருக்குத் தெரியாது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 4^ப + 6^ப = 9^ப.

மூன்று அடிமானங்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததுபோல் தெரிகின்றன. காரணிப்படுத்திப் பாருங்கள்: 4 என்பது 2·2, 6 என்பது 2·3, 9 என்பது 3·3. இந்த மூன்றும் ஒரு பெருக்குத் தொடர். 4-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 6, 6-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 9. ஆகவே எல்லாவற்றையும் 4^ப-ஆல் வகுத்தால்,

1 + (3/2)^ப = (9/4)^ப

9/4 என்பது 3/2-இன் வர்க்கம். (3/2)^ப-ஐ த என்று வைத்தால் 1 + த = த^2. இந்தச் சமன்பாட்டை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கலாம். இதன் மிகை மூலம் (1 + √5)/2, ஏறக்குறைய 1.618, அதாவது பொன் விகிதம். 4, 6, 9 என்று சாதாரணமாகத் தெரியும் மூன்று எண்களுக்குள் இருந்து அது எழுந்து வருகிறது. இந்தக் கணக்கை முதல்முறை போட்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. மற்றொரு மூலம் குறை எண், மேலே சொன்ன காரணத்தால் அது போகிறது. இப்போதுதான் பக்கத்துக்கு ஓர் உறுப்பு என்ற நிலை:

(3/2)^ப = 1.618

ப = லாக்(1.618)/லாக்(1.5), ஏறக்குறைய 1.1868. போட்டுப் பாருங்கள்: 4^ப சுமார் 5.182, 6^ப சுமார் 8.385, கூட்டினால் 13.567. 9^ப-உம் சுமார் 13.567. ஆக இந்தக் கணக்கிலும் லாக் உண்டு, நீங்கள் அதை இரண்டு வரி முன்னதாக எடுத்துவிட்டீர்கள்.

அடிமானங்கள் பெருக்குத் தொடராக இல்லாவிட்டால் இந்த வழி அடைபடும். ஆனால் வகுக்கும் பழக்கம் அங்கேயும் கைகொடுக்கும். 3^ப + 4^ப = 5^ப என்றால் ப = 2 என்று செங்கோண முக்கோணத்தை நினைத்ததும் சொல்லிவிடலாம். வேறு விடை இல்லை என்று எப்படிச் சொல்வது? 5^ப-ஆல் வகுத்தால் (3/5)^ப + (4/5)^ப = 1. இடப்பக்கத்தில் இருக்கும் இரண்டுமே ப கூடும்போது இறங்குபவை, கூட்டினாலும் இறங்கும். இறங்கிக்கொண்டே இருக்கும் ஒன்று 1 என்ற மதிப்பை ஒரே ஒரு முறைதான் கடக்கும். ஆகவே 2 மட்டுமே. விடையை ஊகித்தது குற்றமில்லை. வேறு விடை இல்லை என்று நிறுவாமல் விடுவதுதான் குறை.

கணக்குப் புத்தகத்துக்கு வெளியே இந்தச் சமன்பாடுகள் எங்கே வருகின்றன என்றும் ஓர் எடுத்துக்காட்டு சொல்லிவிடுகிறேன். கார்பன்-14 என்ற கதிரியக்க அணுவின் அரை ஆயுட்காலம் சுமார் 5730 ஆண்டுகள். அதாவது ஒவ்வொரு 5730 ஆண்டுக்கும் இருப்பது பாதியாகும். ஒரு பழைய மரத்துண்டில், தொடக்கத்தில் இருந்ததில் 30 சதவீதம் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றால் அதன் வயது என்ன?

(0.5)^ப = 0.3

இங்கே ப என்பது எத்தனை அரை ஆயுட்காலம் கடந்தது என்பது. ஒன்று கடந்தால் 0.5, இரண்டு கடந்தால் 0.25, ஆகவே ப என்பது 1-க்கும் 2-க்கும் நடுவில். லாக்(0.3)/லாக்(0.5) = (−0.52288)/(−0.30103), அதாவது 1.737. 5730-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9950 ஆண்டுகள். இதில் இரண்டு இடங்களில் கை நழுவும். லாக் மதிப்புகளை முன்கூட்டியே சுருக்கி 0.52/0.30 என்று எடுத்தால் வயது சுமார் 9930 என்று வரும், 20 ஆண்டு வித்தியாசம். முழு மதிப்பையும் கடைசி வரை வைத்திருந்து, விடையில் மட்டும் சுருக்குங்கள். இன்னொன்று, "30 சதவீதத்துக்கும் குறைவாக மிஞ்ச எவ்வளவு காலம்" என்று கேட்டால் (0.5)^ப < 0.3. லாக் எடுத்தால் ப·லாக்(0.5) < லாக்(0.3). லாக்(0.5) குறை எண், அதனால் வகுக்கும்போது சமனின்மைக் குறி திரும்பும்: ப > 1.737. குறி திரும்புவதை விதியாக நினைவு வைக்காவிட்டாலும், நாளாக ஆகத்தான் மிச்சம் குறையும் என்று ஒரு கணம் யோசித்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

முன்பு சொன்ன நிபந்தனைக்கு இப்போது திரும்புகிறேன். அடிமானத்திலேயே ப இருந்தால் என்ன செய்வது?

(ப−3)^(ப²−16) = 1

லாக் எடுத்தால் (ப² − 16)·லாக்(ப − 3) = 0. லாக் இருக்க வேண்டுமானால் ப என்பது 3-ஐவிடப் பெரியது. அடுக்கு சுழியானாலும் லாக் சுழியானாலும் கிடைப்பது ப = 4 ஒன்றுதான். ஆனால் இரண்டு விடைகள் விடுபட்டுவிட்டன. ப = −4 என்றால் (−7)^0 = 1, பொருந்துகிறது. ப = 2 என்றால் (−1)^(−12), இரட்டைப்படை அடுக்கு, அதுவும் 1. அடிமானம் மிகை எண் என்ற உறுதி இல்லாதபோது லாக்கை முழுவதும் நம்ப முடியாது. ஓர் எண்ணை அடுக்கேற்றி 1 வருவதற்கு மூன்று வழிகள் உண்டு: அடிமானம் 1, அடுக்கு சுழி (அடிமானம் சுழியாக இல்லாமல்), அல்லது அடிமானம் −1-ஆகவும் அடுக்கு இரட்டைப்படையாகவும் இருப்பது. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் −4, 2, 4 என்ற மூன்று விடைகளும் வரும்.

கடைசியாக, இந்த முறைகள் எதற்கும் அடங்காத ஒன்று. ப ஒரு பக்கம் அடுக்கிலும் இன்னொரு பக்கம் தரையிலும் இருந்தால் பொதுவாக இயற்கணிதம் அங்கே நின்றுவிடும். 2^ப + ப = 11 என்றால் ப = 3 என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். இடப்பக்கம் ஏறிக்கொண்டே போவதால் அது ஒன்றே விடை. 2^ப = ப² அப்படி இல்லை. 2, 4 என்று இரண்டு விடைகள் உடனே தெரியும், பலர் அதோடு எழுந்துவிடுவார்கள். வரைபடம் போட்டால் இடப்பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வெட்டுப்புள்ளி இருக்கிறது. ப = −1 என்றால் 2^ப = 0.5, ப² = 1, முன்னது சிறியது. ப = 0 என்றால் 1-உம் 0-உம், முன்னது பெரியது. ஆக நடுவில் எங்கோ இரண்டும் சமமாகின்றன. −0.75 போட்டால் 0.595-உம் 0.5625-உம், இன்னும் முன்னது பெரியது. −0.8 போட்டால் 0.574-உம் 0.64-உம், இப்போது சிறியது. −0.76-க்கும் −0.77-க்கும் நடுவில் என்று அடுத்த இரண்டு முயற்சியில் பிடித்துவிடலாம். விடை ஏறக்குறைய −0.7667. இதைக் கூட்டல், பெருக்கல், மூலம், லாக் ஆகியவற்றால் கட்டிய சூத்திரமாக எழுத வழியில்லை. 18-ஆம் நூற்றாண்டில் லாம்பர்ட் என்ற கணிதவியலாளர் ஆராய்ந்த சமன்பாடுகளிலிருந்து வந்த, அவர் பெயரைத் தாங்கிய ஒரு தனிச் சார்பு இதற்குத் தேவைப்படுகிறது. பள்ளிக் கணக்கில் அது வராது. வரைபடமும், மேலே செய்ததுபோல் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே போவதும் போதும்.